உண்ணாவிரத விருந்தாளி

உண்ணாவிரதத்தின் மகிமையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகப் பாடம் சொல்லி வருகிறோம். ஆனால், நமது வீட்டிலேயே ஒருவர் உண்ணாவிரதம் தொடங்கிவிட்டால் என்ன செய்வதென்பது சென்ற மாதம் வரையில் நமக்குத் தெரியாது.

விரதம் பூண்டவர் ஆக்ஸலாட்டில் என்னும் பிராணி. பூர்வீகம் மெக்ஸிகோ தேசத்து ஸோச்சிமில்கோ ஏரி. பார்த்தவர் மீன் என்பர், பல்லி என்பர். உண்மையில் தவளைக்குத் தாயாதி. இளமையில் தோன்றிய செவுள்களை ஆயுள் முழுவதும் இறகுபோல் தரித்துக்கொண்டு ஜலத்திலேயே வாழ்வது. நமது புதல்வியின் பிடிவாதத்தால் சென்னைக் கொளத்தூரிலிருந்து சந்தவாசலுக்கு வந்து சேர்ந்தது.

"எதைப் போட்டாலும் தின்னும், ஸார்!" என்றார் விற்றவர்.

முதல் நாள் உலர்ந்த மீன் தீனி போட்டோம், திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் மீன் துண்டு; அதுவும் அழுகி ஜலத்தைக் கெடுத்ததுதான் மிச்சம். நான்காம் நாள், வாயைத் திறந்து ஊட்டிவிடுவதென்று இடுக்கியைக் கையில் எடுத்தோம்.

"அப்பா, சிறைச்சாலையில் அப்படித்தானே செய்தார்கள்?" என்று கேட்டாள் புதல்வி. அவள் கண்களில் நீர் ததும்பிற்று. நாம் நடத்திய பாடம் நம்மிடமே திரும்பி வந்தது! இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, விருந்தாளியின் கோரிக்கைகள் யாவை என்று விசாரிக்கத் தொடங்கினோம்.

முதற் கோரிக்கை குளிர்ச்சி. அதற்கு உகந்தது 16 முதல் 18 டிகிரி வரையுள்ள ஜலம். 24 டிகிரியைத் தாண்டினால் பசி போகும், பிறகு உயிருக்கே ஆபத்து. ஜவ்வாது மலையடிவாரத்து வெயிலோ ஊரறிந்தது. பாட்டில்களில் ஜலத்தை உறையவைத்து, மூடியுடன் தொட்டியில் மாற்றி மாற்றி மிதக்கவிட்டோம். குளிர்பெட்டியில் மோருக்கு இடமில்லாமற் போயிற்று, இல்லாள் பொறுத்துக்கொண்டாள்.

இரண்டாவது, நிழல். அதற்குக் கண்ணிமை கிடையாது. வெளிச்சத்தை மறைத்து, நுழைந்துகொள்ள ஓர் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தோம். தொட்டியிலிருந்த கூழாங்கற்களையும் அப்புறப்படுத்தினோம். அது இரையைக் கடிப்பதில்லை. திடீரென்று வாயைத் திறந்து ஜலத்தோடு உறிஞ்சுகிறது. கல்லும் கூடவே உள்ளே போய்விடும்.

மூன்றாவது, நெளியும் ஆகாரம். எருக்குழியிலிருந்த சிவப்புப் புழுவை வாயில் வாங்கித் துப்பிவிட்டது. அதற்குக் கசப்பு உண்டாம். ஆறாம் நாள் அந்தியில், வாழையடியில் தோண்டிய மண்புழுவைக் கழுவி, மூக்கருகே மெள்ள ஆட்டினாள் புதல்வி. ஒரு கணம், புழுவைக் காணோம்! வீட்டில் எழுந்த ஆரவாரம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

இப்போது வாரத்துக்கு மூன்று முறை போஜனம். வளர்ந்த பிராணிக்கு அது போதும்.

நிற்க. ஸோச்சிமில்கோவில் 1998-ல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6000 இருந்த இவ்வினம், 2014-ல் 36 ஆகக் குறைந்துவிட்டதாகக் கணக்கெடுத்தவர்கள் கூறுகிறார்கள். ஜலம் கெட்டது ஒரு காரணம். கொண்டுவந்து விடப்பட்ட திலேபியா மீன் மற்றொன்று. 1952-ல் பாரதத்துக்கு வந்து, நம் ஏரிகளில் 'ஜிலேபி' என்று பெயர் பெற்றுப் பெருகியிருக்கிறதே, அதே ஜாதி!

விருந்தாளியின் நான்காவது கோரிக்கை சொந்த ஏரியாகத்தான் இருக்கவேண்டும். அதை நிறைவேற்ற நம்மால் ஆகாது. வாங்குமுன் சந்தவாசல் வெயிலை எண்ணிப் பாராதது நமது குற்றமே. துணைக்கு இன்னொன்று வாங்கலாமென்று யாரும் பேச்செடுக்கவில்லை, புதல்வியுங்கூட.