ஒரே பள்ளி, இரண்டு கணக்கு

பர்லியார் பக்கத்துப் பெற்றோர் பலர் பிள்ளைகளை மேல் வகுப்புக்குக் குன்னூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ பஸ் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். ஜூன் வந்தால் ஒரு கேள்வி: "அரசு உதவி பெறும் பள்ளிதானுங்களே, அப்புறம் எதுக்குங்க ஃபீஸ்?"

அரசு சம்பளம் கொடுப்பது தான் அனுமதித்த ஆசிரியர் பணியிடங்களுக்கு மட்டும். அந்த வகுப்புகளில் கல்விக் கட்டணம் இல்லை. பாடப்புத்தகம், பஸ் பாஸ் இலவசம். அதே கட்டடத்தில் ஆங்கில வழி வகுப்புகள் பல இடங்களில் சுயநிதிப் பிரிவாக ஓடுகின்றன. அங்கே டீச்சர் சம்பளமே நீங்கள் கட்டும் ஃபீஸ்தான். போர்டில் 'அரசு உதவி பெறும்' என்று மட்டும் இருந்தால் யாருக்குத் தெரியும்?

2009-ம் ஆண்டுச் சட்டப்படி, நிர்ணயித்த தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. எந்தப் பிரிவு என்று சேர்க்கும்போதே கேளுங்கள். ரசீது இல்லாமல் 'நன்கொடை' கொடுக்காதீர்கள்.

இதில் பின்னாளைய கணக்கும் இருக்கிறது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள், உதவி பெறும் பள்ளியில் 6 முதல் 12 வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. 2020-ல் வந்த 7.5% மருத்துவ உள் ஒதுக்கீடோ அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். எனக்கு இதில் உடன்பாடில்லை. மலையில் பஸ் எங்கே நிற்கிறதோ அந்தப் பள்ளியில்தானே சேர்க்க முடியும்?