மாமா தேடிய பந்தும் அந்த நாலாவது நிமிஷமும்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கிரிக்கெட், கபடி, வாலிபால் ஆடுகிறவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். கோல்ஃப் ஆடுகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா மக்களே? எனக்கு ஒருவரைத் தெரியும். என் தாய்மாமா. பேங்க் வேலையாக பெங்களூரில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். ரிட்டயர்டாகி திண்டிவனம் வந்த பிறகும் விடவில்லை. மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் வலை கட்டி, தினமும் காலையில் பந்தை விளாசிக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. கொடைக்கானலில் 18 குழியையும் 100 அடிக்குள் முடிக்க வேண்டும். மூன்று வருஷமாக முடியவில்லை. முழங்கால் வேறு வலிக்க ஆரம்பித்துவிட்டது. 'இந்த சீசன்ல முடியலைன்னா அவ்வளவுதான் மாப்ள' என்றார். கூட்டம் சேருமுன், ஏப்ரல் முதல் வாரமே கிளம்பிவிட்டோம். விழுப்புரத்தில் நள்ளிரவு ரயில், விடிவதற்குள் கொடைரோடு, பிறகு மலைப்பாதை.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் ஆரம்பித்தது. சமதளம் என்று சொல்ல ஓர் இடம் கிடையாது. ஏற்றத்தில் நின்று இறக்கத்துக்கு அடிக்க வேண்டும், இல்லையென்றால் நேர்மாறாக. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம் என்பதால் காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் பந்து ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். கொல்லையில் 150 கஜம் போன அடி இங்கே 160-ஐத் தாண்டும். கைக்குப் பழகிய கணக்கெல்லாம் காலி! முதல் நாலு குழியில் மாமா அடித்தது எல்லாமே இலக்கைத் தாண்டிப் போய் விழுந்தது.

நடுவில் ஒரு காட்டுமாடு வேறு. பந்துக்குப் பக்கத்திலேயே நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. இதற்கும் கோல்ஃபில் விதி இருக்கிறது. ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால், அபராத அடி இல்லாமல் பாதுகாப்பான இடத்துக்கு மாறி ஆடலாம். விதி 16.2. எழுதியவர்கள் கொடைக்கானல் வந்திருப்பார்களோ!

மதியத்துக்குள் மாமா சுதாரித்துவிட்டார். 16 குழி முடிந்தபோது, மீதி இரண்டையும் ஒழுங்காக முடித்தால் 99. பதினேழாவதில் முதல் அடியே புதருக்குள் போனது. தேட மூன்று நிமிஷம்தான் அவகாசம். 2019-க்கு முன்பு ஐந்து நிமிஷம் இருந்தது. நாங்கள் நாலு பேர் தேடினோம். கடைசியில் 'சார், இங்க இருக்கு!' என்று கேடி குரல் கொடுத்தார். மாமா வாட்சைப் பார்த்தார். நாலாவது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"விடுங்க மாமா, யாரு பாக்கப் போறாங்க?"

"கார்டுல எழுதப் போறது நான்தானடா."

திரும்பி நடந்தார், அந்த ஏற்றத்தில், அந்த முழங்காலோடு. ஓர் அபராத அடியைச் சேர்த்துக்கொண்டு முதலிலிருந்து அடித்தார். கேடிக்குத்தான் முகம் வாடிவிட்டது.

கேடிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பணக்கார விளையாட்டு என்று நாம் ஒதுக்கும் கோல்ஃபில், இந்தியன் ஓப்பன் பட்டத்தை முதன்முதலில் வென்ற இந்திய புரொஃபஷனல், டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர். வருஷம் 1991. 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் கேடியாக இருந்தவர்தான். பை தூக்கியவர்கள் கோப்பையும் தூக்கியிருக்கிறார்கள். இந்தக் கதையைச் சொன்னதும், நம்ம கேடி முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. மாமா இனாமும் கூடவே கொடுத்தார்.

கடைசிக் கணக்கு 101. அத்தை போனில் கேட்டார்கள். சொன்னதும், "என்னங்க, மொய் எழுதிட்டு வந்திருக்கீங்க?"

மாமா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ரூம் கதவைத் தட்டினார். "மாப்ள, இன்னொரு ரவுண்டு போலாமா?"

கொடைக்கானல் கிளம்புகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். காட்டுமாட்டோடு செல்ஃபி வேண்டவே வேண்டாம்!