நடுங்கும் விளிம்பு

நுண்ணோக்கியில் சிவப்பணுவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் விளிம்பு ஓயாமல் நடுங்கும். உயிர்த்துடிப்பு என்றே நினைக்கத் தோன்றும். வெறும் வெப்பக் குலுக்கலே அதற்குப் போதும் என்று 1975இல் பிரோஷார், லெனன் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். எனக்குச் சற்று ஏமாற்றம்தான். அந்த விளிம்பு சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புப் படலம். வளைப்பது எளிது, இழுத்து விரிப்பதுதான் கடினம். அந்த வளைவுக்கு 1973இல் கணக்கு எழுதிய இயற்பியலாளர் ஹெல்ஃப்ரிச்தான், ஷாட் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து 1970 வாக்கில் கால்குலேட்டர்களுக்கான திரவப் படிகத் திரையையும் தந்தவர். மளிகைக்கடைக்காரர் கணக்குத் தட்டும்போது இப்போதெல்லாம் எனக்கு ரத்தம்தான் நினைவுக்கு வருகிறது. படலத்தின் மூலக்கூறுகளும் திரவப் படிகம்போல ஒரே திசை பார்த்து, ஆனால் இடம்விட்டு இடம் நழுவியபடி நிற்பவை. ஹெல்ஃப்ரிச்சுக்குத் திரையிலிருந்து படலத்துக்கான அந்தத் தாவல் பெரிய தூரமாக இருந்திருக்காது.