பாட்டிகளுக்குத் தோற்றம் இல்லையா?



சமாதிக் கல்லிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு தேதி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். எங்க ஊரில் நான் பார்த்த வரைக்கும் தாத்தாக்களின் கல்லில் இரண்டும் இருக்கிறது. பாட்டிகளின் கல்லில் பல இடத்தில் மறைவு மட்டும்தான் இருக்கிறது. கேட்டால், "அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு ஏதும்மா பிறந்த தேதி?" என்கிறார்கள். பிறந்த தேதி இல்லாமல் யாராவது பிறப்பார்களா? யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். இருக்கிற தடயத்தை வைத்து நாம் கண்டுபிடித்து எழுத வேண்டும் என்பது என் கருத்து.

இறந்த வருஷத்தில் இருந்து வயசைக் கழித்தால் போதும் என்று நினைப்போம். அது போதாது. நம் எல்லோருக்கும் தெரிந்த ஜி.யு. போப்பையே எடுத்துக்கொள்வோம். திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். அவர் இறந்தது 11.2.1908, அப்போது வயது 87. கழித்துப் பாருங்கள், 1821 வரும். ஆனால் அவர் பிறந்தது 24.4.1820! ஏன் தப்பு வந்தது? அவர் இறந்தது பிப்ரவரியில். அந்த வருஷப் பிறந்தநாள் இன்னும் வரவில்லை. 87 முடிந்தவர் என்றால் அவர் 12.2.1820 முதல் 11.2.1821 வரை எந்த நாளிலும் பிறந்திருக்கலாம். அதாவது வயசை வைத்துக் கிடைப்பது ஒரு தேதி இல்லை, ஒரு வருஷ இடைவெளி. வருஷத் தொடக்கத்தில் இறந்தவருக்கு, கழித்து வருவதற்கு முந்தின வருஷமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. "எழுபது நடக்குது" என்று சொன்னால் முடிந்தது 69 தான். கல்லில் 70 என்று வெட்டியவர் நடப்பு வயசைச் சொன்னாரா, முடிந்த வயசைச் சொன்னாரா? தெரியாவிட்டால் இடைவெளி இரண்டு வருஷமாகிவிடும். இறப்புப் பதிவுப் படிவத்தில் முடிந்த வயதைத்தான் எழுத வேண்டும். ஆனால் துக்க வீட்டில் அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் போய்க் கேட்டால் யார் கணக்குப் போட்டுச் சொல்வார்கள்? "எழுபது இருக்கும்" என்று யாரோ ஒருத்தர் சொல்வார், அதுவே பதிவாகிவிடும். பதிவில் 60, 70, 80 என்று முழு எண்ணாக வயசு இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

எங்க கொள்ளுப்பாட்டிக்கும் இதேதான் நடந்தது. அவங்க இறந்தது 12.1.1998. சீட்டில் வயது 70. அப்படிப் பார்த்தால் 1927இல் பிறந்திருக்க வேண்டும். ஆனால் எங்க அப்பாயி, "எங்க மாமியா ரத்தாட்சி வருஷம் சித்திரையில பொறந்தவங்க. மூணு மாசப் புள்ளையா இருக்கும்போது காவிரியில பெருவெள்ளம் வந்து, துணியில சுத்தித் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடினாங்களாம்" என்று சொன்னாங்க. காவிரியில் அந்தப் பெருவெள்ளம் வந்தது 1924 ஜூலையில். தமிழ் வருஷங்கள் 60க்கு ஒரு முறை திரும்பி வரும். ரத்தாட்சி 1864லும் வந்தது, 1924லும் வந்தது, 1984லும் வந்தது. கல்லில் உள்ள வருஷத்தைப் பார்த்தால் 1924 மட்டும்தான் பொருந்தும். ஆக, அவங்க பிறந்தது 1924 ஏப்ரல் நடுவில் இருந்து மே நடுவுக்குள். இறக்கும்போது வயசு 73. சீட்டில் மூணு வருஷம் காணாமல் போயிருக்கிறது!

"செத்தவங்க வயசு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று சிலர் கேட்கலாம். எனக்கு அப்படித் தோணவில்லை. ஒரு மனுஷி 73 வருஷம் களை எடுத்து, நாத்து நட்டு, பிள்ளைகளை வளர்த்திருக்கிறாங்க. அதில் மூணு வருஷத்தை நாம் அடித்துவிடலாமா? தாத்தா மூணாம் வகுப்பு வரை படித்ததால் பள்ளிக்கூடப் பதிவேட்டில் தேதி இருந்தது. பாட்டியைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. படிக்க வைக்காததும் நாம், தேதி இல்லை என்று சொல்வதும் நாம். இது நியாயமா?

உயிரோடு இருக்கிறவர்களுக்கும் இது தேவை. முதியோர் உதவித்தொகைக்கு 60 வயசு ஆகியிருக்கணும். எங்க தெருவில் ஒரு பாட்டிக்கு ரேஷன் கார்டில் ஒரு வயசு, ஓட்டு அட்டையில் வேறு வயசு. எது சரி என்று அவங்களுக்கே தெரியவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் போடுவோம். தாத்தா பாட்டியிடம் பிறந்த தமிழ் வருஷம், மாசம், நட்சத்திரம் கேட்போம். வருஷம் தெரியாதவர்களிடம் வெள்ளம், புயல், பஞ்சம் வந்தபோது எவ்வளவு பெரிய பிள்ளையாக இருந்தீங்க, யாருக்கு மூத்தவங்க, யாருக்கு இளையவங்க என்று கேட்போம். யார் சொன்னது என்பதையும் எழுதுவோம். ஊகமாக இருந்தால் 'சுமார்' என்று மறக்காமல் போடுவோம். சுமார் என்று எழுதுவதில் அவமானம் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதுதான் தப்பு.

கல்லும் சீட்டும் பாதி விவரம்தான் சொல்லும். மீதி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. அவங்க இருக்கும்போதே கேட்டுவிடுங்கள் தோழர்களே!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி