தூக்கிப் பாருங்கள், பிறகு வாங்குங்கள்



பள்ளி விடுமுறை நெருங்கினால் ஆசிரியர் மேசைக்கு வரும் கடிதங்களில் விளையாட்டுச் சாமான்களைப் பற்றிய விசாரிப்பு கூடிவிடும். இந்த ஆண்டு இளம் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் சேர்ந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இரண்டு வயதுக் குழந்தைக்கு பேலன்ஸ் பைக் வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? கடையில் பத்து வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார்கள். நிறம் வேறு, ஸ்டிக்கர் வேறு, விலையும் வேறு. மற்றபடி எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் விலைச் சீட்டைப் புரட்டும் முன் வண்டியை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். மற்ற விவரங்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதுவரை பார்த்திராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இரண்டு சக்கரம், ஒரு சீட், ஒரு ஹேண்டில்பார், அவ்வளவுதான் இந்த வண்டி. பெடல் கிடையாது, செயின் கிடையாது, பக்கத்தில் முட்டுக் கொடுக்கும் சின்னச் சக்கரமும் கிடையாது. குழந்தை இரு பக்கமும் காலை ஊன்றி நடக்கும். சில நாளில் சீட்டில் உட்கார்ந்து உந்தும். பிறகு எட்டி எட்டி ஓடும். ஒருநாள் யாரும் சொல்லாமலே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சில அடி தூரம் வழுக்கிக்கொண்டு போகும். அப்போதே சைக்கிள் ஓட்டுவதில் கடினமான பாதி முடிந்துவிட்டது.

புதுமோஸ்தர் போலத் தோன்றினாலும் சைக்கிள் பிறந்ததே இந்த வடிவில்தான். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 1817 ஜூன் 12 அன்று கார்ல் வான் டிரைஸ் என்பவர் மரத்தால் செய்த இருசக்கர வண்டியில் ஏறி, தரையைக் காலால் உந்தியபடியே ஊருக்கு வெளியே போய்த் திரும்பினார். அதில் பெடல் இல்லை. பெடல் வைத்த வண்டிகள் பாரிஸில் பரவ 1860கள் ஆயின. மனிதர்கள் முதலில் இரண்டு சக்கரத்தில் விழாமல் இருக்கக் கற்றார்கள். மிதிக்கக் கற்றது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு. டிரைஸின் வண்டி 20 கிலோவுக்கு மேல் கனத்தது. வளர்ந்த ஆண்களுக்கே அது பளுதான்.

அதே யோசனை குழந்தைகளிடம் வந்து சேர்ந்தது மிகப் பிந்தி. 1997இல் ஜெர்மனியைச் சேர்ந்த ரோல்ஃப் மெர்ட்டன்ஸ் மரத்தில் ஒரு சிறுவர் வண்டி செய்தார். லைக்காபைக் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 2007இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ரையன் மக்ஃபார்லண்ட் தன் சின்ன மகனுக்காகக் கடைச் சைக்கிளிலிருந்து பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடையைக் குறைத்துப் பார்த்தார். ஸ்டிரைடர் என்ற வண்டி அப்படித்தான் உருவானது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு வழக்கமான சைக்கிள் பெரியது, கனமானது என்பதே அந்தத் தகப்பனின் குறை.

நம் ஊரில் முந்தைய தலைமுறை சைக்கிள் கற்ற கதையிலும் கனம்தான் முக்கியப் பாத்திரம். மணிக் கணக்கில் வாடகை சைக்கிள். சீட்டில் ஏறினால் கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட வேண்டும். இரும்புச் சைக்கிள் 20 கிலோ பக்கம் இருக்கும். சாய்ந்தால் நிமிர்த்த வலு வேண்டும். அந்த வலு வரும்வரை, எட்டு பத்து வயதுவரை, பிள்ளைகள் காத்திருந்தார்கள். பேலன்ஸ் அவர்களிடம் அதற்கு முன்பே வந்திருக்கும். வண்டிதான் இடம் கொடுக்கவில்லை. கற்கும் வயதைப் பிள்ளையின் திறமையைவிட வண்டியின் எடைதான் தீர்மானித்தது.

பிறகு வந்தது சைடு வீல் வைத்த குட்டிச் சைக்கிள். வீட்டுக்கு வீடு இன்றும் அதுதான். அதில் பிள்ளை மிதிக்கக் கற்கிறது, பேலன்ஸ் கற்பதில்லை. இரண்டு சக்கர வண்டி வளைவில் திரும்பும்போது உள்பக்கம் சாய வேண்டும். சைடு வீல் அந்தச் சாய்வைத் தடுத்துவிடுகிறது. உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. ஒருநாள் சைடு வீலைக் கழற்றியதும், அதுவரை பழகிய பழக்கத்தை மறந்துவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடும் காட்சி அதனால் வருவதுதான். போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பேலன்ஸ் பைக்கில் தொடங்கியவர்கள் சராசரியாக 4 வயதை ஒட்டிச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியதாகவும், சைடு வீலில் தொடங்கியவர்களுக்கு 6 வயது நெருங்கியதாகவும் தெரியவந்தது.

இனி எடைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 2 வயது நிறைந்த ஆண் குழந்தையின் நடுத்தர எடை 12.2 கிலோ, பெண் குழந்தையின் எடை 11.5 கிலோ. வண்டியின் எடை குழந்தையின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, 30 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது இந்தத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படிப் பார்த்தால் மூன்றரை கிலோவுக்குள் இருக்க வேண்டும். நல்ல வண்டிகள் பல 3 கிலோவை ஒட்டியே வருகின்றன. கடையில் 5 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டிகளும் இதே பெயரில் நிற்கின்றன. 12 கிலோ குழந்தையிடம் 6 கிலோ வண்டியைக் கொடுப்பது, 60 கிலோ ஆளிடம் 30 கிலோ சைக்கிளைக் கொடுத்து ஓட்டச் சொல்வதற்குச் சமம்.

எடை குறைந்தால் என்ன நடக்கிறது? விழுந்த வண்டியைக் குழந்தை தானே நிமிர்த்துகிறது. வாசல் படியில் தானே இறக்குகிறது. சாய்ந்தால் மேலே விழுந்து அமுக்குவதில்லை. அம்மாவைக் கூப்பிட வேண்டிய அவசியம் குறையக் குறைய, அடுத்த முறை ஏறும் ஆசை கூடுகிறது. பாதி வழியில் அலுத்துப்போய் விட்டுவிட்டால் திரும்பத் தூக்கிவரப் போவது நீங்கள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்டியில் அச்சிட்ட எடையில் அட்டையும் பொட்டலமும் சேர்ந்திருக்கலாம். வண்டியின் நிகர எடை என்ன என்று கேளுங்கள். பயணப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசு இருந்தால் கடைக்கே எடுத்துப் போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது சீட் உயரம். வயதைச் சொல்லி வாங்காதீர்கள். காலை அளந்து வாங்குங்கள். குழந்தையைச் சுவரில் முதுகு சாய்த்து நிற்கவைத்து, கால்களுக்கு நடுவே ஒரு மெல்லிய புத்தகத்தைக் கவட்டில் படும்படி படுக்கையாகப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை உள்ளதுதான் கால் அளவு. சீட் அதைவிட 3 செ.மீ. போலத் தாழ்வாக இருக்க வேண்டும். உட்கார்ந்தால் இரு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்து, முழங்கால் லேசாக மடங்க வேண்டும். நுனிக்காலில் நிற்கும் உயரம் உதவாது. சீட்டின் மிகக் குறைந்த உயரம், மிக அதிக உயரம் இரண்டையும் கேளுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் வண்டி இரண்டு மூன்று ஆண்டு ஓடும். 'வளர்ந்துவிடுவான்' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்குச் சரிவராது.

டயர் இரண்டு வகை. ஈவிஏ ஃபோம் டயர் இலேசு. காற்றடிக்க வேண்டாம், பஞ்சர் ஆகாது. நெருஞ்சியும் கருவேல முள்ளும் கிடக்கும் தெருக்களில் அது பெரிய நிம்மதி. மழமழப்பான டைல்ஸ் தரையிலும் மழைத் தண்ணீரிலும் அதன் பிடிப்பு குறைவு. டியூப் உள்ள டயர் குலுங்கலைத் தாங்கும், மண்ணையும் ஜல்லியையும் பிடித்து ஓடும்; எடை கூடும். அடுக்குமாடி வளாகத்துக்குள் ஓட்டப்போகும் சின்னக் குழந்தைக்கு ஃபோம் போதும். கரடுமுரடான மண் தெருவானால் காற்று டயர் நல்லது. ஃபிரேமில் அலுமினியம் இலேசு, துருப்பிடிக்காது. இரும்பு மலிவு, கனம். மர வண்டி பார்க்க அழகு. மழையில் நனைய விடாதீர்கள்.

பிறகு சில சின்னச் சோதனைகள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள்; நீண்ட நேரம் நிதானமாகச் சுற்றினால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரவென்று உடனே நின்றால் வேண்டாம். சக்கரத்தின் போல்ட் முனைகள் மூடியிருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். குழந்தையின் கெண்டைக்கால் அங்கேதான் உரசும். ஹேண்டில் பிடியின் முனை பருத்து, மெத்தென்று இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் பிரேக் அவசியமில்லை. பிரேக்கை அழுத்தும் வலு அந்த விரல்களுக்கு இன்னும் வந்திருக்காது, கால்தான் பிரேக். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

வண்டிக்கு ஒதுக்கிய பணத்திலேயே ஹெல்மெட்டுக்கும் எடுத்து வையுங்கள். இரண்டு வயதில் தலைச் சுற்றளவு 48 செ.மீ. பக்கம் இருக்கும், அளந்து வாங்குங்கள். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு நுழையக் கூடாது. காலே பிரேக் என்பதால் செருப்பு வேண்டாம், ஷூ வேண்டும். மொட்டைமாடி, படிக்கட்டுப் பக்கம், கார் இறங்கும் சரிவு, திறந்த கேட் இவை நான்கும் கூடாது. சம தரையில், வாகனம் வராத இடத்தில், பெரியவர் ஒருவர் பார்வையில் ஓட்டட்டும். கோடையில் காலையும் மாலையும்தான் நேரம்.

ஓட்டக் கற்றுக்கொடுக்க நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். தள்ளாதீர்கள், பிடித்துக்கொள்ளாதீர்கள், 'காலைத் தூக்கு' என்று விரட்டாதீர்கள். சில பிள்ளைகள் வாரக்கணக்கில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதோடு சரி. அதுவும் பழக்கம்தான். எதிர்வீட்டுப் பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து ஒப்பிட வேண்டாம். நடையிலோ தசை வலுவிலோ சந்தேகம் இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

விலை எட்டாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நாலைந்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்து, சைடு வீல் வைத்த சைக்கிளும் இருந்தால், புது வண்டி எதற்கு? சைடு வீலையும் இரண்டு பெடலையும் கழற்றுங்கள். சீட்டைக் கால் ஊன்றும் உயரத்துக்கு இறக்குங்கள். அதுவே பேலன்ஸ் பைக். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் ஓடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. பிள்ளை கால் தூக்கி வளைந்து வளைந்து போகத் தொடங்கியதும் பெடலைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு இது ஆகாது. அந்தச் சைக்கிள் பெடல் இல்லாமலும் கனம்தான்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வண்டிக்கு ஒரு வீட்டில் ஆயுள் குறைவு. இரண்டு மூன்று ஆண்டில் பிள்ளை வளர்ந்துவிடும். வண்டியில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் டயர் மட்டும்தான். வண்டியைப் பரணில் ஏற்றாதீர்கள். போல்ட்டுகளை இறுக்கி, துடைத்து, தம்பி வீட்டுக்கோ வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பேத்திக்கோ பக்கத்து அங்கன்வாடிக்கோ கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது ஹெல்மெட்டைச் சேர்க்காதீர்கள்; அடிபட்டதா என்று வெளியே தெரியாது, அதை மட்டும் புதிதாக வாங்கட்டும். ஒரு நல்ல இலேசான வண்டியில் மூன்று நான்கு குழந்தைகள் ஓட்டிப் பழகலாம். அப்படிப் பங்கிட்டால் அதன் விலையும் இலேசுதான்.

அன்புடன்,
ஆசிரியர்