நாய்க்கு வயிறு சரியில்லையா?



குழந்தைக்கு வயிறு கெட்டால் என்ன கொடுப்பது என்று வழக்கமாகக் கேட்பீர்கள். இந்த முறை வந்திருக்கும் கேள்வி வேறு மாதிரி. "எங்கள் நாய்க்கு வாரத்தில் இரண்டு நாளாவது வயிற்றுப்போக்கு. கைக்குழந்தை தவழ்கிற வீடு. 'அதை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வா' என்கிறார் மாமியார். என் பெரியவனோ அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறான். என்ன சாப்பாடு போட்டால் சரியாகும்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நாயின் மலத்தில் வரும் புழு முட்டைகள் மண்ணில் கலந்து, குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகலாம். ஆனால் வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாயைத் தெருவில் விட்டால் அது பிழைப்பது கஷ்டம். விடவேண்டிய அவசியமும் பெரும்பாலும் இராது. நாய்க்கும் வைத்தியம் உண்டு, பத்தியம் உண்டு.

சாப்பாட்டை மாற்றுமுன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, மலத்தைப் பரிசோதித்து, எடைக்குத் தக்கபடி பூச்சி மருந்து வாங்கிக் கொடுங்கள். வயிற்றில் புழுவை வைத்துக்கொண்டு எந்த உணவு போட்டாலும் பலன் தெரியாது. வளர்ந்த நாய்க்குச் சாதாரணமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த மருந்து தேவைப்படும்.

தட்டில் என்ன விழுகிறது?

நான் பல வருஷமாக நாய் வளர்க்கிறவள். வயிறு தொந்தரவு செய்கிற நாய் வீட்டில் இருந்தால் நான் முதலில் எடுப்பது பென்சில்தான். பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே, இன்றைக்கு அது என்னென்ன தின்றது, மலம் எப்படி இருந்தது என்று குறித்துவிடுவேன். பத்து நாள் குறித்தால் போதும், குற்றவாளி தானே அகப்பட்டுக்கொள்வான்.

நம் வீடுகளில் நாயின் சாப்பாடு என்பது மீந்துபோனதுதானே? திங்கட்கிழமை சாம்பார் சாதம், செவ்வாய் தயிர் சாதம், ஞாயிறு என்றால் கறிக்குழம்பும் எலும்பும். நாம் வகை வகையாகச் சாப்பிடலாம். மென்மையான வயிறுள்ள நாய்க்கு அது ஆகாது. அதற்கு வேண்டியது ருசி மாற்றமில்லை, மாறாத சாப்பாடு. ஒரே உணவு, ஒரே அளவு, ஒரே நேரம். இதை மட்டும் செய்தாலே பாதி நாய்களுக்கு வயிறு நிதானப்பட்டுவிடும் என்பது என் அனுபவம்.

பாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி குறைவு. "பால் சாதம்தானே போட்டேன், அதுவும் ஒத்துக்கொள்ளவில்லையே" என்று அங்கலாய்ப்பவர்கள், பத்து நாள் பாலை நிறுத்திப் பாருங்கள். தயிர் புளிக்கும்போது அந்தச் சர்க்கரை ஓரளவு குறைந்துவிடுவதால், கொஞ்சமாகக் கொடுத்தால் பல நாய்கள் தாங்கும்.

சாம்பாரிலும் குழம்பிலும் கிடக்கிற வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். கறியின் கொழுப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கணையத்தைப் புண்ணாக்கலாம். திராட்சை, பாயசத்து உலர்திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம்.

சோறு விரோதியா?

"நாய் மாமிசப் பிராணி, சோறே போடக் கூடாது" என்று சிலர் சொல்கிறார்கள். 2013-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டு, மாவுச்சத்தை ஜீரணிக்கும் திறன் நாய்க்கு மிகவும் கூடியிருப்பதைக் கண்டார்கள். மனிதனோடு வாழ்ந்து வந்த பழக்கம்! ஆகவே சோறு கெடுதலில்லை. சோறு மட்டுமே என்பதுதான் கெடுதல்.

வயிறு கெட்ட நாட்களுக்கான பத்தியம் இது: தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு கறிக்கு இரண்டு பங்கு குழைந்த சோறு. உப்பு, மஞ்சள், மிளகாய், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒரேயடியாகப் போடாமல் நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன் சேர்த்தால் மலம் கட்டுப்பட உதவும். கறி புழங்காத வீட்டில் வேகவைத்த முட்டை சேர்க்கலாம். சுத்தமான தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆனால் இது மூன்று, நாலு நாளைக்குத்தான். மாதக்கணக்கில் இதையே போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பு பலவீனப்படும். குட்டிகளுக்கு இன்னும் ஆபத்து. நிரந்தரமாக வீட்டுச் சமையல்தான் என்றால், என்ன சேர்க்கவேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாக்கெட் வாங்கும்போது

கடை உணவுதான் சௌகரியம் என்றால், முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். இது முழுமையான சரிவிகித உணவு, இன்ன வயது நாய்க்கு என்று போட்டிருக்க வேண்டும். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். மென்மையான வயிற்றுக்குக் கோழி அல்லது மீன் என ஒரே வகை மாமிசமும் மிதமான கொழுப்பும் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். விலை உயர்ந்ததுதான் நல்லது என்றில்லை. ஒத்துக்கொண்டதை விடாதீர்கள், தள்ளுபடியில் கிடைக்கிறதென்று மாதம் ஒன்றாக மாற்றாதீர்கள். பிரித்த பாக்கெட்டை அப்படியே மூடியுள்ள டப்பாவுக்குள் வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அதுவே விஷம்.

புது உணவுக்கு ஒரு வாரத்தில் மெதுவாக மாற்ற வேண்டும்:

முதல் 2 நாள்: பழையது முக்கால், புதியது கால்.
3, 4-ம் நாள்: பாதிக்குப் பாதி.
5, 6-ம் நாள்: பழையது கால், புதியது முக்கால்.
7-ம் நாள்: முழுவதும் புதியது.

நடுவில் மலம் இளகினால் முந்தைய அளவுக்கே திரும்பி, இரண்டு நாள் பொறுத்து மேலே போங்கள். இவ்வளவு செய்தும் வயிறு அடங்காமல் உடம்பையும் சொறிந்துகொண்டிருந்தால், ஏதோ ஓர் உணவு ஒவ்வாமையாக இருக்கலாம். அதுவரை தின்றிராத ஒரே மாமிசத்தை எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்யவேண்டும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

மலத்தில் ரத்தம், அல்லது தார் போல் கறுப்பு, குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி, உப்பிய வயிறு, எழுந்திருக்காமல் சுருண்டு கிடப்பது — இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். கழுத்துத் தோலைத் தூக்கிவிட்டால் சட்டென்று பழையபடி படியாவிட்டால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். தடுப்பூசி போடாத குட்டியாக இருந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம்; ஒன்றிரண்டு நாளில் உயிரையே குடித்துவிடும். உடனே அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வீட்டிலிருக்கும் பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற நம் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நாயின் மலத்தை உடனே அப்புறப்படுத்துங்கள். நாயின் தட்டு தனியாக இருக்கட்டும். அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

கடைசியாக, வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம் போட்டுவிடுங்கள். நீங்கள் அளந்து அளந்து பத்தியம் வைப்பீர்கள். தாத்தா காபியோடு தின்கிற பிஸ்கட்டில் பாதியைப் போடுவார், பேரன் பிடிக்காத வடையை மேஜைக்கு அடியில் தள்ளுவான். "பாவம், வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே" என்று இரக்கப்படுகிறவர்களிடம், அதற்கென்று எடுத்து வைத்த சாப்பாட்டிலிருந்தே நாலு உருண்டை கொடுத்துப் போடச் சொல்லுங்கள். நாய்க்கும் திருப்தி, தாத்தாவுக்கும் திருப்தி, வாசல் கழுவுகிற உங்களுக்கும் நிம்மதி!