மாப்பிள்ளை ரயிலும் மாமனார் கோலியும்

சிலர் நாய் வளர்க்கிறார்கள். சிலர் மீன் வளர்க்கிறார்கள். நான் ரயில் வளர்க்கிறேன்.

நாய் ஓர் அளவுக்கு மேல் வளராது. ரயில் வளரும். முதலில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் சாதுவாக வரும். ஒரு என்ஜின், மூன்று பெட்டி, தரையில் கோத்து வைக்கக் கொஞ்சம் தண்டவாளம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு மறுபடி எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ஆறே மாதத்தில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்று வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அது சின்ன ரூமில் படுத்தது. சின்ன ரூம் பத்தடிக்கு ஒன்பதடி. மிச்ச இடத்தில் நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டேன்.

என்னுடையது ஹெச்.ஓ. ஸ்கேல். நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. நம்ம ஐ.சி.எஃப். பெட்டி 21 மீட்டர் சொச்சம் என்றால், இதில் இருபத்து நாலரை சென்டிமீட்டர்.

போன தீபாவளி கழிந்ததும் எனக்கு விரிவாக்க ஆசை வந்தது. ஒரே வட்டத்தை எத்தனை நாள் பார்ப்பது? இன்னொரு பிளைவுட் வாங்கிப் போட்டு, ஒரு லைனுக்கு மேலே இன்னொரு லைன் பாலத்தில் தாவிப் போகிற மாதிரி பிளான் போட்டேன். பி.காம். படித்தவன் என்பதால் நோட்டில் வரவு, செலவு என்று இரண்டு பத்தி கோடு கிழித்தேன். வரவுப் பத்தி கடைசி வரை பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

பாலம்தான் முதலில் காலை வாரியது. கீழே ஒரு ரயில் தலை தட்டாமல் போக மேல் லைன் மூன்று அங்குலமாவது உயர வேண்டும். 50-க்கு 1 என்று நிதானமாக ஏற்றினால் அதற்குப் பன்னிரண்டரை அடி நீளம் தேவை. என்னிடம் ஏது பன்னிரண்டரை அடி? 20-க்கு 1 என்று குறுக்கு வழியில் ஏற்றிப் பார்த்தேன். என்ஜின் பாதி மலையில் நின்று சக்கரத்தை மட்டும் சுற்றியது. ஊட்டி ரயில் 12.5-க்கு 1 ஏறுகிறதே என்பீர்கள். அதற்கு நடுவில் பல் வைத்த தண்டவாளம் இருக்கிறது. எனக்கு இருந்தது பின்னாலிருந்து தள்ள ஆள்காட்டி விரல்.

இந்த நேரத்தில்தான் சகதர்மிணி அறிவித்தாள்.

"அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு மாசம் இங்கதான் இருக்கப் போறார். சின்ன ரூமைக் காலி பண்ணுங்க."

"அப்ப ரயில்?"

"ரயிலுக்கா கண்ணுல புரை விழுந்திருக்கு?"

மாமனார் ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர். விழுப்புரம் - மயிலாடுதுறை லைனில், சிதம்பரம் பக்கம் வேலை பார்த்தவர். அந்த லைன் 2010-ல் பிராட் கேஜ் ஆவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். என் ரயிலைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாப்பிள்ளைக்குக் குடி, சீட்டு இல்லையே, இது ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார் போல.

ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். பிளைவுட்டை நான் இன்னும் அப்புறப்படுத்தவில்லை. அதன் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், "ஓட்டுங்க பார்ப்போம்" என்றார். பெருமையாக ஓட்டினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு சுத்து எவ்வளவு நீளம்?"

"பதினேழரை அடி இருக்கும் மாமா."

விரலை மடக்கினார். "87-ஆல பெருக்கினா 460 மீட்டர் சொச்சம். உங்க வண்டி ஒரு சுத்துக்கு 6 செகண்ட் எடுக்குது. மணிக்கு 275 கிலோமீட்டருக்கு மேல வருது. இது என்ன வண்டி?"

"பாசஞ்சர் மாமா."

"ஓஹோ. எங்க போறது?"

"எங்கயும் போகலை. சுத்தி வரும்."

"சுத்தி வந்து?"

"மறுபடியும் சுத்தும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "முப்பத்தாறு வருஷம் வண்டி அனுப்பியிருக்கேன் மாப்பிள்ளை. புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர ஒரு வண்டியும் அனுப்பினதில்லை."

அதோடு விட்டாரா? "தண்டவாளம் கொஞ்சம் ஒல்லியா தெரியுதே, கண்ணுல கோளாறா?" என்றார். கண்ணில் கோளாறு இல்லை. நம்ம பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் 16.5 தான். அது வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜுக்கான கணக்கு. நம்ம ஊரில் அந்த 1,435 மில்லிமீட்டர் கேஜில் ஓடுவது சென்னை மெட்ரோ. சட்டப்படி பார்த்தால் என் பலகையில் மெட்ரோ ரயிலைத்தான் விட்டிருக்க வேண்டும். இரண்டே முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஒற்றைக் கண்ணால் பிடித்தவரிடம் என்ன வாதம் செய்வது?

கட்டில் போட வேண்டும், ரயிலும் போகக் கூடாது. வேறு வழியில்லாமல் ரயில் சுவரோரம் ஏறியது. இரண்டு பிளைவுட்டையும் பதினைந்து அங்குல அகலத்தில் ஆறு பட்டையாக அறுத்து, மூலைகளில் முக்கோணத் துண்டு கொடுத்து, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் ரூமைச் சுற்றி ஒரு பரண். வாடகை வீடு, சுவரில் காலண்டர் ஆணி அடித்தாலே ஹவுஸ் ஓனருக்கு நெஞ்சு வலி வரும். அதனால் ஸ்லாட்டட் ஆங்கிள் கால்கள். வீடு மாற்றும் நாளை நினைத்து நாலடிக்கு ஒரு இடத்தில் போல்ட் போட்டுத் தனித்தனியாகக் கழற்றுகிற மாதிரி செய்தேன். தூசி கண்ணுக்கு ஆகாது என்பதால் அறுப்பது, தேய்ப்பது எல்லாம் மொட்டை மாடியில், வெயிலில்.

நியாயமாகச் சொன்னால், இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். நாலடி அகலப் பலகையில் ரயில் தடம் புரண்டால் கை எட்டாத மூலையில்தான் புரளும். பதினைந்து அங்குலத்தில் எட்டாத மூலையே கிடையாது. சுற்று நீளம் பதினேழரையிலிருந்து முப்பத்தோரு அடி ஆனது. வளைவின் ஆரம் 18 அங்குலத்திலிருந்து 24 ஆனதால் பெட்டிகள் திருப்பத்தில் இடுப்பை வெளியே தள்ளிக்கொண்டு போவது குறைந்தது. (நிஜ பிராட் கேஜில் அனுமதிக்கும் மிகக் கூர்மையான வளைவே 175 மீட்டர் ஆரம். அதை அப்படியே 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர். ரூமை விட்டுப் பக்கத்து போர்ஷன் சமையலறை வழியாகத்தான் திரும்ப முடியும்.)

கரண்ட் விஷயத்திலும் புத்தி வந்தது. பழைய வட்டத்தில் ஒரே இடத்தில் இரண்டு ஒயர் கொடுத்திருந்தேன். தூரம் போகப் போக என்ஜினுக்கு மூச்சு வாங்கும். தண்டவாளத்தைச் சேர்க்கும் குட்டித் தகடுகள் கரண்டை ஒழுங்காகக் கடத்தும் என்று நம்புவது, சேல்ஸ்மேன் பேச்சை நம்புவது மாதிரி. இப்போது பலகைக்கு அடியில் தடிமனான ஒயர் ஒரு சுற்று. அதிலிருந்து மூன்றடிக்கு ஒரு ஜோடி மேலே வந்து பற்றவைப்பு. பித்தளைத் தண்டவாளத்தை எல்லாம் தூக்கிப் போட்டாயிற்று. உப்புக் காற்றில் கறுத்துப்போய் கரண்டை மறிக்கிறது.

தரைக்கு மண் வேண்டுமே? ஃபில்டர் காபிக் கசடைக் காயவைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் தூவினால் அசல் செம்மண்ணும் கரிசலும் கலந்த நிறம். நன்றாகக் காயவைக்க வேண்டும். நான் அவசரப்பட்டதில் இரண்டாம் வாரமே பிளாட்பாரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. "பனி பெஞ்சிருக்கு" என்றாள் என் பெண்.

எல்லாம் சரி, வாசற்படி? சுற்றுப்பாதை கதவைத் தாண்டித்தானே போக வேண்டும். அங்கே தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு பலகைப் பாலம் வைத்தேன். பாம்பனில் 2025-ல் திறந்த புதுப் பாலம் செங்குத்தாகத் தூக்குகிறதே, அதன் ஏழைத் தம்பி. அங்கே கப்பலுக்காகத் தூக்குகிறார்கள். இங்கே கண் சொட்டு மருந்துக்காக, ஒரு நாளைக்குப் பல தடவை.

ஒரு மத்தியானம் மருந்தோடு வந்த சகதர்மிணி பாலத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் எதிர்ச் சுவர் வளைவில் குனிந்து எதையோ ஒட்டிக்கொண்டிருந்தேன். கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருந்தது.

நாலரை அடி. மொசைக் தரை. அந்த என்ஜின் என்னுடைய பத்துக் கட்டுரைக்குச் சமம்.

யாரும் பேசவில்லை. ஒரு பக்கத்துச் சக்கரக் கூடு பெயர்ந்து கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. சகதர்மிணி முகம் வெளுத்துவிட்டது. எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை லாட்ஜில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். மாமனார்தான் கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"ஆக்சிடென்ட்னா என்கொயரி உண்டு. கேட் திறந்திருக்கும்போது வண்டிக்கு யார் சிக்னல் கொடுத்தது?"

"சிக்னலே இல்லை மாமா."

"அப்ப கேட் கீப்பர் மேல தப்பில்லை. கேட் மூடினாத்தான் சிக்னல் இறங்கணும். திறந்திருந்தா எந்த மனுஷன் இழுத்தாலும் இறங்கக் கூடாது. மறதிக்காரனை நம்பி லைன் போடக் கூடாது மாப்பிள்ளை."

அன்று ராத்திரியே ஒயரை மாற்றினேன். இப்போது பாலத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டடி தண்டவாளத்துக்குக் கரண்ட் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் போகிறது. பாலத்தை எடுத்தால் அந்த இரண்டடியும் செத்துவிடும். வருகிற வண்டி தானாக நின்றுவிடும். என்ஜினுக்கும் உயிர் இருந்தது. மோட்டார் தப்பித்தது, சக்கரக் கூட்டை ஒட்டினேன். தழும்பு தெரிகிறது.

அதற்கப்புறம் நிர்வாகம் என் கையில் இல்லை. "எங்க போறது?" என்று முதல் நாள் கேட்டாரே, அதற்குப் பதிலாக எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு ஸ்டேஷன் வந்தன. ஒன்றுக்கு அவர் கடைசியாக வேலை பார்த்த ஊர்ப் பெயர். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, மூன்று மொழியிலும். எழுத்து கடுகை விடச் சின்னது. ஹிந்தியில் ஒரு கால் விட்டுப்போனதைத் திருத்த வைத்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட ஒரு லூப் லைன்.

லூப்பில் வெள்ளைக் குச்சி ஒன்றை நட்டார். அதைத் தாண்டி வண்டி வால் நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து லைன் வண்டி உரசும். குச்சிக்குக் குச்சி அளந்தால் 110 சென்டிமீட்டர். என் வண்டியோ என்ஜினும் ஐந்து பெட்டியுமாக 142. லூப்பை நீட்ட வேண்டும், ஜன்னல் வரை பலகையை இழுக்க வேண்டும் என்று நான் நோட்டை எடுத்தேன்.

"எதுக்கு? ரெண்டு பெட்டியைக் கழட்டுங்க" என்றார்.

மூன்று பெட்டியோடு 93 சென்டிமீட்டர். கச்சிதமாக நின்றது. விரிவாக்கத்துக்கென்று வாங்கிக் குவித்த தண்டவாளம் இன்னும் பிரிக்காமல் பீரோ மேல் இருக்கிறது. செலவுப் பத்தியில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

அடுத்தது டோக்கன். மீட்டர் கேஜில் நீல்ஸ் பால் டோக்கன் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு இயந்திரம், ஒயரால் இணைத்திருக்கும். ஒன்றிலிருந்து ஒரு இரும்புக் குண்டை வெளியே எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு இயந்திரத்துக்குள் திரும்பப் போகும்வரை இன்னொரு குண்டு வராது. குண்டைக் கையில் வாங்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ஒற்றை லைனில் நேருக்கு நேர் மோதாமல் இருக்க அந்தக் குண்டுதான் ஜாமீன். பிரம்பு வளையத்தில் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் ஆள் நிற்பதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் ரூமில் குண்டுக்குப் பதில் கோலி. ஜன்னல் பக்கத்துப் பாதைக்குப் பச்சைக் கோலி, வாசல் பக்கத்துக்கு நீலம். கட்டில் ஸ்டேஷனுக்கு மாமனார் மாஸ்டர். எதிர் ஸ்டேஷனுக்கு என் பெண். பூஜை மணியில் தட்டி லைன் கிளியர் கேட்பாள். தாத்தா பதில் மணி அடிப்பார். எனக்கு டிரைவர் உத்தியோகம். கோலி கைக்கு வராமல் கன்ட்ரோலரைத் தொட்டால் பத்து வயசுப் பெண் முறைக்கிறாள்.

வேகம் 40-க்கு மேல் கூடாது என்று உத்தரவு. ஒரு சுற்று 74 செகண்ட். இரண்டு வண்டி எதிரெதிராகப் புறப்பட்டு, லூப்பில் ஒன்று காத்திருந்து, இன்னொன்று கடந்து, டைம் டேபிள்படி முடிய இருபது நிமிஷம் ஆகிறது. பழைய கணக்கில் 200 சுற்று. அந்த இருநூறை எப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேனோ. சாயங்காலம் ஆறு மணிக்கு நானே, "மாமா, பாசஞ்சருக்கு நேரமாச்சு" என்று போய் நிற்க ஆரம்பித்தேன்.

ஒரு மாதம் முடிந்து போன ஞாயிறு அவர் ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிட்டு வந்து சாயங்காலம் ரூமைத் திறந்தேன். மூன்று பெட்டி பாசஞ்சர் லூப்பில் நிற்கிறது. கோலிகளைக் காணவில்லை. கட்டில், தலையணை உறை, மருந்து டப்பா எல்லாம் தேடியாயிற்று. போன் போட்டேன்.

"ரெண்டும் என் சட்டைப் பையிலதான் இருக்கு மாப்பிள்ளை. இறங்கினப்புறம்தான் பார்த்தேன்."

"பரவாயில்லை மாமா, கடையில வேற ரெண்டு கோலி வாங்கிக்கறேன்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதெப்படி வாங்குவீங்க? டோக்கன் வெளிய இருக்கறப்ப வேற டோக்கன் போட்டு வண்டி விட்டா, அதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

"தப்புதான் மாமா."

"அடுத்த கண்ணுக்கு அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்காங்க. கொண்டு வர்றேன். அதுவரைக்கும் செக்ஷன் பிளாக். தண்டவாளத்தை மட்டும் வாரம் ஒரு தடவை துடைச்சு வைங்க."

துடைத்துக்கொண்டிருக்கிறேன்.